ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை

எங்க புதுக்கோட்டைப் பக்கம் பையன் தலையில அடிபட்டு வீட்டுக்கு வந்தா பெரியவங்க மூணு கேள்வி கேப்பாங்க. வாந்தி எடுத்தானா? மயக்கம் போட்டானா? காதுல மூக்குல ரத்தம் வந்துச்சா? மூணுக்கும் இல்லைன்னு பதில் வந்தா நெத்தியில திருநீறு, குடிக்க ஒரு சோடா, அவ்ளோதான். ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னா வண்டி பிடிச்சு டவுன் ஆஸ்பத்திரி. அங்க ஸ்கேன். அறைக்கு வெளியே மொத்தக் குடும்பமும் சுவத்துல சாய்ஞ்சு நிக்கும். கடைசியில அந்த வாக்கியம் வரும்: "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை." குலசாமிக்கு நேர்ந்துகிட்டது வீண்போகலைன்னு எல்லாரும் மூச்சு விடுவாங்க. ரெண்டு நாள்ல பையன் ஸ்கூல்ல உக்காந்திருப்பான்.

இந்தப் பதிவு அந்த வாக்கியத்தோட வரலாறு. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லாத ஒரு அடி, பத்தாவதோ பன்னெண்டாவதோ படிக்கிற பிள்ளையோட படிப்பை என்ன செய்யுது, அதை உலகம் எப்பக் கவனிக்க ஆரம்பிச்சுதுன்னு தேடிப் படிச்சதுல கிடைச்சது. முதல்லயே ஒரு டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பழைய விஷயங்களைத் தோண்டிப் படிக்கிற ஆசாமி, அவ்வளவுதான். வைத்தியத்துக்கு வைத்தியர்கிட்ட போங்க.

டாக்டர்கள் இதை 'கன்கஷன்'னு சொல்றாங்க. லத்தீன்ல குலுக்குறது, உலுக்குறதுன்னு பொருள். தமிழ்ல மூளை அதிர்ச்சின்னு எழுதுறாங்க. எனக்கு அந்தச் சொல் அவ்வளவா பிடிக்கலை. அதிர்ச்சின்னா நமக்குக் கெட்ட செய்தி கேட்டு உக்காந்துடுறதுதான் ஞாபகம் வருது. மூளை அதிர்வுன்னு சொன்னா விஷயம் நேரா விளங்குது. இனிமே அப்படியே எழுதுறேன்.

மண்டை உடையாம, ரத்தக்கசிவு இல்லாம, மூளை கொஞ்ச நேரம் வேலை நிறுத்தம் செய்யும்னு முதல்ல பிரிச்சுச் சொன்னவர்னு மருத்துவ வரலாறு எழுதுறவங்க கைகாட்டுறது அல் ராஸியை. பாரசீகத்துல ராய் நகரத்துல பிறந்தவர், பாக்தாத்ல வைத்தியம் பார்த்தவர். காலம் சுமார் கி.பி. 900. நம்ம பக்கம் நார்த்தாமலையில விஜயாலய சோழீஸ்வரம் எழும்பின காலத்தை ஒட்டினதுன்னு வெச்சுக்கங்க. அப்புறம் 1296-ல் இத்தாலிக்காரர் லான்ஃப்ராங்க் தன்னோட அறுவை மருத்துவ நூல்ல இதைத் தனி நோயாவே எழுதினார். மண்டை உடையணும்னு அவசியமில்லை, மூளை குலுங்கினாலே போதும், குணங்கள் வந்து சீக்கிரம் போயிடும்னார். இந்த "சீக்கிரம் போயிடும்"ங்கறது அதுக்கப்புறம் எழுநூறு வருஷம் நம்மளை விடாம துரத்துச்சு.

நம்ம ஊர் வர்மக்கலையும் தலை அடியைச் சும்மா விடலை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96ன்னு 108 கணக்கு சொல்வாங்க. அதுல 25 தலையிலிருந்து கழுத்து வரைக்கும். அடிபட்டவனை எழுப்புறதுக்கு இளக்குமுறை, அதுக்கப்புறம் மருந்து, பத்தியம்னு படிப்படியா வரும். அதுல மருத்துவமா எது நிக்கும், எது நிக்காதுன்னு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனா எழுந்து உக்காந்தவுடனே வைத்தியம் முடிஞ்சுதுன்னு அந்த மரபு நினைக்கலை, அதுக்குப் பிறகும் நாள் இருக்குன்னு வெச்சிருந்தாங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு.

அடுத்து கதை ரயிலுக்குப் போகுது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல ரயில் விபத்துல சிக்கினவங்க நிறைய பேர் உடம்புல காயமே இல்லாம வெளிய வந்தாங்க. வாரக்கணக்கா தலைவலி, தூக்கமின்மை, ஞாபகமறதி, எரிச்சல். ஜான் எரிக் எரிக்சன்ங்கற அறுவை மருத்துவர் 1866-ல் இதைப் பத்திப் புத்தகமே போட்டார். 'ரயில்வே முதுகெலும்பு'ன்னு அதுக்குப் பேரே வந்துச்சு. உடனே ரயில் கம்பெனி வக்கீல்கள் கிளம்பிட்டாங்க: காயம் இல்லையே, நஷ்டஈட்டுக்காக நடிக்கிறாங்க! நூறு வருஷம் கழிச்சும் அந்த வாதம் சாகலை. 1961-ல் ஹென்றி மில்லர்ங்கற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர், விபத்துக்கப்புறம் வர்ற இந்தத் தொல்லைகள்ல பலது வழக்கு முடிஞ்சதும் தானே சரியாயிடும்னு எழுதினார். அது ரொம்ப காலம் டாக்டர்கள் மனசுல உக்காந்திருந்தது.

நம்ம வகுப்பறையில "டெஸ்ட்டுக்குப் பயந்து நடிக்கிறான்"னு சொல்றப்போ எனக்கு அந்த ரயில் கம்பெனி வக்கீல்தான் ஞாபகத்துக்கு வர்றார். கோட்டு மட்டும்தான் வேற.

உள்ளே என்ன நடக்குதுன்னு நல்லாப் புரிய வெச்சவர் டாக்டர் இல்லை, ஒரு இயற்பியல்காரர். ஆக்ஸ்போர்டுல இருந்த ஹோல்போர்ன். மூளை கெட்டியான பொருள் இல்லை, ஜெலட்டின் மாதிரின்னு வெச்சு மாதிரி செஞ்சு பார்த்தார். 1943-ல் வெளியிட்டார். தலை நேரா போய் இடிக்கிறதை விட சடக்குனு திரும்புறதுதான் உள்ளே திசுக்களை இழுத்து முறுக்குதுன்னார். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் நோன்பு நேரத்துல கடல்பாசி சாப்பிட்டவங்களுக்கு இது சுலபமா விளங்கும். கிண்ணத்துல உறைஞ்ச கடல்பாசியைக் கிண்ணத்தோட பிடிச்சு ஒரு வெட்டு வெட்டித் திருப்புங்க. கிண்ணத்துல கீறல் இருக்காது. பாசி உள்ளே ஒரு தடவை ஆடி நிக்கும். ஸ்கேன் பாக்குறது கிண்ணத்துல விரிசல் இருக்கா, உள்ளே ரத்தம் கட்டியிருக்கான்னு. ஆடினதை அது பாக்காது. (1971 அக்டோபர்ல லண்டன்ல முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்த நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும் அதுதான் நிலைமை. உயிரைக் காப்பாத்துற விஷயத்துல ஸ்கேனுக்கு நிகர் இல்லை, அதுல சந்தேகமே வேண்டாம்.)

இப்ப 1974-க்கு வாங்க. அந்த வருஷம் ஜனவரி 14, பொங்கலன்னைக்கு, திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்கள்லேருந்து பிரிஞ்சு புதுக்கோட்டை தனி மாவட்டமாச்சு. அதே வருஷம் 'லான்செட்' மருத்துவ இதழ்ல ரெண்டு கட்டுரை வந்துச்சு. ஒண்ணு உலகப் புகழ். கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேல், ஜென்னெட் ரெண்டு பேரும் போட்ட 'கிளாஸ்கோ கோமா அளவுகோல்'. கண் திறக்குறானா, பேசுறானா, கை கால் அசைக்கிறானான்னு மார்க் போட்டு இன்னைக்கு 15-க்கு எத்தனைன்னு சொல்றோமே, அது. நம்ம 108 ஆம்புலன்ஸ் வரைக்கும் அதுதான் பேச்சு.

இன்னொண்ணு அவ்வளவா யாருக்கும் தெரியாது. நியூசிலாந்து, ஆக்லாந்து நகரம். டோரத்தி க்ரான்வால், ஃபிலிப் ரைட்ஸன்னு ரெண்டு பேர். லேசான தலைக்காயம், எல்லாம் நார்மல்னு வீட்டுக்கு அனுப்பினவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு மனக்கணக்கு போடச் சொன்னாங்க. டேப் ரெக்கார்டர்ல ஒவ்வொரு எண்ணா வரும். கடைசியா கேட்டதையும் அதுக்கு முந்தினதையும் கூட்டிச் சொல்லணும். 4, 7ன்னு வந்தா 11. அடுத்து 2 வந்தா 9. நீங்க இப்பதான் சொன்ன 11-ஐ மறந்துட்டு, அதுக்கு முன்னாடி கேட்ட 7-ஐ ஞாபகம் வெச்சுக்கணும். சும்மா வீட்ல யாரையாவது சொல்லச் சொல்லி முயற்சி பண்ணிப் பாருங்க, நல்ல தலைக்கே சுத்தும்.

அடிபட்டவங்க இதுல தடுமாறினாங்க. கணக்கு தெரியாம இல்லை. வேகம் கூடினா மூளையால ஒரே நேரத்துல அத்தனையைத் தாங்க முடியலை. வாரங்கள் போகப் போக பெரும்பாலானவங்களுக்கு சரியாச்சு. இந்த மார்க்கை வெச்சுதான் அவங்க நோயாளியை எப்ப வேலைக்குத் திருப்பி அனுப்பலாம்னு முடிவு பண்ணாங்க. மறுவருஷம், 1975-ல், இன்னொரு விஷயம் சொன்னாங்க: ரெண்டாவது தடவை அடிபட்டவங்க முதல் தடவை அடிபட்டவங்களை விட மெதுவா இருக்காங்க, சரியாக அதிக நாள் எடுக்குது.

யோசிச்சுப் பாருங்க. அந்த வருஷம் வந்த முதல் அளவுகோல்ல 15-க்கு 15, சென்டம் எடுக்குற பையன், ரெண்டாவது பரீட்சையில ஃபெயிலாவான். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் முதல் கட்டுரையைச் சுவத்துல ஒட்டி வெச்சாங்க. ரெண்டாவது கட்டுரைதான் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது. அதை யாரும் பள்ளிக்கூடச் சுவத்துல ஒட்டலை.

இந்தியாவுல என்ன நடந்துச்சுன்னா, மூளை அறுவை சிகிச்சைக்குத் தனித்துறையே நம்ம தமிழ்நாட்டுல இருந்துதான் கிளம்புச்சு. 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில ஜேக்கப் சாண்டி. அடுத்த வருஷம் சென்னை பெரியாஸ்பத்திரியில பி. ராமமூர்த்தி. அவங்களுக்கு முன்னாடி நின்ன வேலை உயிரைப் பிடிச்சு நிறுத்துறது. அதுக்கே ஆள் பத்தலை. 1989-ல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரத்தையும் புதுடெல்லியையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. ரெண்டு இடத்துலயும் தலைக்காயத்துல எத்தனை பேர் இறக்குறாங்க, ஆம்புலன்ஸ் வசதி எவ்வளவு வித்தியாசம் பண்ணுதுன்னு. அவசியமான ஆய்வுதான். ஆனா அதே சார்லட்ஸ்வில்ல 1981-லயே இன்னொரு எண்ணிக்கை எடுத்துட்டாங்க: லேசான தலைக்காயம்னு சொல்லப்பட்டவங்கள்ல, அதுக்கு முன்னாடி வேலையில இருந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் மூணு மாசம் கழிச்சும் வேலைக்குத் திரும்பலை. அவங்க அதை எண்ண ஆரம்பிச்சிட்டாங்க. நமக்குச் சாவை எண்ணவே நேரம் சரியா இருந்துச்சு.

*

மாணவர்கள் பக்கம் வெளிச்சம் விழுந்தது விளையாட்டு வழியாத்தான். 1984-ல் அமெரிக்காவுல ஒரு கல்லூரி கால்பந்து வீரரோட மரணத்தை வெச்சு சாண்டர்ஸ், ஹார்பா ரெண்டு பேர் எழுதினாங்க: முதல் அதிர்வு ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி, அது லேசா இருந்தாலும், மூளை வீங்கி ஆளையே கொண்டு போயிடலாம்னு. (இது எவ்வளவு அடிக்கடி நடக்கும்னு இன்னும் சண்டை நடக்குது. அபூர்வம்தான். ஆனா இளம் வயசுக்காரங்ககிட்டதான் அதிகம் பேசப்படுது.) 2006 அக்டோபர்ல வாஷிங்டன் மாநிலத்துல ஸாக்கரி லிஸ்டெட்னு 13 வயசுப் பையன், ஆட்டத்துல தலையில அடிபட்டு, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, அதே ஆட்டத்துல மறுபடி இறங்கினான். உயிர் பிழைச்சான், ஆனா நடக்க, பேசத் திரும்பக் கத்துக்க வருஷங்கள் ஆச்சு. 2009-ல் அவன் பேர்ல சட்டம் வந்துச்சு: சந்தேகம் இருந்தா அன்னைக்கு ஆட்டம் கிடையாது, டாக்டர் எழுதிக் கொடுத்தாதான் திரும்ப. 2014-க்குள்ள அமெரிக்காவின் 50 மாநிலங்கள்லயும் இந்த மாதிரி சட்டம் வந்துடுச்சு.

கிரிக்கெட்டுக்கு வர இன்னும் அஞ்சு வருஷம். ஃபில் ஹியூஸ் 2014 நவம்பர்ல பவுன்சர் பட்டு இறந்தார். 2019 ஆகஸ்ட்லேருந்து மூளை அதிர்வு ஏற்பட்ட ஆட்டக்காரருக்குப் பதில் ஆள் இறக்கலாம்னு ஐ.சி.சி. விதி கொண்டு வந்துச்சு. 2020 டிசம்பர் 4, கான்பெரா டி20. ஜடேஜா ஹெல்மெட்ல பந்து பட்டுது, சாஹல் பதிலா வந்து மூணு விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். ஆஸ்திரேலியாக்காரங்க கடுப்பாயிட்டாங்க. நம்ம சேலத்து நடராஜனுக்கு அதுதான் முதல் டி20 என்பதால நம்ம ஆளுங்க எல்லாரும் பார்த்த ஆட்டம். ஆக, அடிபட்ட ஆட்டக்காரனை உக்கார வெக்கணும்னு எங்க ஊர் டீக்கடைக்கே தெரியும். அடிபட்ட மாணவனை?

அங்கதான் இடைவெளி. விளையாட்டு மருத்துவர்கள் 2001-ல் வியன்னாவுல முதல் முறையா கூடினாங்க. எப்ப களத்துக்குத் திரும்பலாம்னுதான் பேச்சு. 2004 ப்ராக் கூட்டத்துலதான் மூளைக்கும் ஓய்வு வேணும், படிக்கிறதும் உழைப்புதான்னு எழுதினாங்க. அதே 2004-ல் கொலராடோவுல ஜேக் ஸ்னேகன்பெர்க்னு 14 வயசு மாணவன் கால்பந்து ஆட்டத்துல விழுந்து இறந்தான். அதுக்கப்புறம் அங்க கேரன் மெக்அவாய்ங்கற பள்ளி உளவியலாளர், வீடு, ஸ்கூல், டாக்டர், விளையாட்டு ஆசிரியர்னு நாலு தரப்பும் சேர்ந்து பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அழைச்சுட்டு வர ஒரு முறையை உருவாக்கினார். சுமையைக் குறை, எல்லாருக்கும் விளக்கிச் சொல், வகுப்பை அவனுக்கேத்த மாதிரி சரிக்கட்டு, நிதானமா கூட்டு. நாலே வேலை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் "அதிர்வுக்குப் பின் படிப்புக்குத் திரும்புதல்"னு தனி அறிக்கையே போட்டது 2013-ல்தான். களத்துக்கான கூட்டத்துக்கும் வகுப்புக்கான அறிக்கைக்கும் நடுவுல பன்னெண்டு வருஷம். பிள்ளைகள் வாரத்துல எத்தனை மணி நேரம் மைதானத்துல இருக்காங்க, எத்தனை மணி நேரம் வகுப்புல இருக்காங்கன்னு கணக்குப் பார்த்தா இது தலைகீழா தெரியலை?

நடுவுல ஒரு கூத்தும் நடந்துச்சு. ஓய்வு நல்லதுன்னு சொன்னாலும் சொன்னாங்க, இருட்டு அறை, புஸ்தகம் கூடாது, டி.வி. கூடாது, போன் கூடாது, நண்பர்கள் கூடாதுன்னு வாரக்கணக்கா பிள்ளைகளைப் பூட்டி வெச்சாங்க. அது உதவுதான்னு சோதிச்சுப் பார்த்தவங்க குறைவு. 2002-ல் நெதர்லாந்துல 107 பேரை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேரை ஆறு நாள் படுக்கையில வெச்சுப் பார்த்தாங்க, பெரிய வித்தியாசம் இல்லை. 2015-ல் அமெரிக்காவில் மில்வாக்கியில 11 முதல் 22 வயசு வரையுள்ளவங்களைப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு அஞ்சு நாள் கண்டிப்பான ஓய்வு. இன்னொண்ணுக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் படிப்படியா வழக்கமான வேலை. அஞ்சு நாள் ஓய்வெடுத்தவங்கதான் அதிகத் தொல்லை சொன்னாங்க! சும்மா படுத்துக்கிட்டு இன்னைக்குத் தலை வலிக்குதா, நேத்தை விட வலிக்குதான்னு யோசிச்சிட்டே கிடந்தா வேற என்ன ஆகும்.

கடைசியா 2022-ல் ஆம்ஸ்டர்டாம்ல கூடி, 2023-ல் வெளியிட்டது இப்ப நடப்பில் இருக்குற வழிகாட்டல். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு. வீட்ல நடக்கலாம், பேசலாம், போன் திரையை மட்டும் ரொம்பக் குறைச்சுக்கணும். அப்புறம் வீட்லயே கொஞ்சம் கொஞ்சமா படிப்பு. அப்புறம் அரை நாள் ஸ்கூல், அல்லது நடுநடுவுல ஓய்வோட. அப்புறம் முழு நாள். லேசா தொல்லை கூடினா பரவாயில்லை, ரொம்ப கூடினா ஒரு படி கீழே இறங்கிக்கணும். முழுசா வகுப்புக்குத் திரும்பினதுக்கு அப்புறம்தான் முழு விளையாட்டு. பெரும்பாலான பிள்ளைகள் பத்து நாளைக்குள்ள தனி உதவி எதுவும் இல்லாம வகுப்புக்குத் திரும்பிடுறாங்கன்னும் அதுலயே இருக்கு. அதனால பயப்படவும் வேண்டாம். அந்தப் பத்து நாளை எப்படிக் கடக்குறோம், அதுல திரும்பாத கொஞ்சம் பேரை என்ன செய்றோம்ங்கறதுதான் விஷயம்.

*

எங்க அக்கா மகன் அந்தக் கொஞ்சம் பேர்ல ஒருத்தன். 2022 டிசம்பர், பன்னெண்டாவது, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம். டியூஷன் முடிஞ்சு நண்பனோட பைக்ல பின்னாடி உக்காந்து வந்தவன், வேகத்தடையில தூக்கிப் போட்டு விழுந்தான். ஹெல்மெட் கிடையாது. ஓட்டினவனுக்கும் 17 வயசு. 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி 18 நிறையாதவன் ஓட்டினா பெத்தவங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூணு வருஷம் வரை சிறையும் உண்டு. அதனால ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் கூடிப் பேசி, "படியில வழுக்கி விழுந்தான்"னு சொல்றதா முடிவாச்சு. ஸ்கூல்லயும் அதேதான் சொன்னாங்க. படியில விழுந்தவனுக்கு ஒரு மாசமா என்ன தலைவலின்னு ஸ்கூல்ல கேட்டதுல நியாயம் இல்லைன்னு சொல்ல முடியாது.

ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை. மூணாம் நாள் அரையாண்டுக்குப் போனான். முதல் பக்கம் எழுதினான், ரெண்டாவது பக்கத்துல பேனாவை வெச்சுட்டு உக்காந்துட்டான்னு அவன் ஃப்ரெண்டு சொன்னான். நான் போய்ப் பார்த்தப்போ புஸ்தகத்தை மூடி வெச்சிருந்தான்.

"என்னடா மாப்ளே, படிக்கலையா?"

"எழுத்து ஓடுது மாமா. ஒரு வரி முடிச்சு அடுத்த வரி தேடறதுக்குள்ள மொத வரி மறந்துருது."

மச்சானுக்கு அது நடிப்பு. "போன் மட்டும் பாக்குறான்ல?"ன்னு ஒரே கேள்வி. அப்பத்தாவுக்கு அது கண்ணேறு, மந்திரிச்சாச்சு. அக்கா மட்டும் ரெண்டுக்கும் நடுவுல நின்னு அழுதுச்சு. நல்லாப் படிச்சுக்கிட்டிருந்தவன் ஒரு பாராவைப் படிக்க முடியாம உக்காந்திருந்தான்.

ஸ்கூல்ல (பேர் வேண்டாம்) ஜனவரியில திருப்புதல் தேர்வு வரிசையா வந்துச்சு. நம்ம ஊர் பன்னெண்டாவது வகுப்பு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். காலையில சிறப்பு வகுப்பு, வெயில்ல வழிபாட்டுக் கூட்டம், எட்டு பீரியட், சாயங்காலம் மறுபடி சிறப்பு வகுப்பு, ராத்திரி டியூஷன். நடுவுல ரெக்கார்டு நோட்டு. தலைக்கு மேல கடகடன்னு ஃபேன். வகுப்புக்குப் பக்கத்துலயே தண்டவாளத் துண்டுல அடிக்கிற மணி. போக வர டவுன் பஸ், அதுல பின் சீட்டு, வழியெல்லாம் வேகத்தடை. அதிர்வு பட்ட மூளைக்கு எதெது ஆகாதுன்னு ஆராய்ச்சி பண்ணி அத்தனையையும் ஒரே இடத்துல கொண்டு வந்து வெச்ச மாதிரி. போதாததுக்கு நம்ம வாத்தியார்களோட ஆதி ஆயுதம் நடுமண்டையில குட்டு. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால படணும்னு அதுக்கு ஒரு பெருமை வேற! 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவு அடிக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான். இவனுக்கும் ஒரு நாள் விழுந்துச்சு. அன்னைக்கு வாந்தி எடுத்தான்.

அந்த வாந்திக்கு அப்புறம்தான் நிலைமை மாறுச்சு. அக்கா அவனைத் திருச்சியில ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு. படி கதையைச் சொல்லாம நடந்ததைச் சொன்னாங்க. அவர் ஸ்கேனைப் பார்த்துட்டு வெச்சுட்டு, அவனை 100-லேருந்து ஏழேழா கழிச்சுக்கிட்டே வரச் சொன்னார். மாதங்களைத் தலைகீழா சொல்லச் சொன்னார். ஆகஸ்ட்ல நின்னுட்டான். மச்சான் அதைப் பக்கத்துல உக்காந்து பார்த்தார். திரும்பி வர்ற வழியில மனுஷன் ஒரு வார்த்தை பேசலைன்னு அக்கா சொல்லுச்சு. டாக்டர் லெட்டர்பேடுல எழுதிக் கொடுத்தது நாலே வரி: இந்த மாணவனுக்கு மூளை அதிர்வு, ரெண்டு வாரம் அரை நாள் மட்டும், தேர்வுகள் வேண்டாம், 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடி உக்கார அனுமதிக்கவும், விளையாட்டு கூடாது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டவங்க தமிழம்மா. அவங்களுக்கு ஆம்ஸ்டர்டாமும் தெரியாது, ஆக்லாந்தும் தெரியாது. பையனால படிக்க முடியலை, ஆனா கேக்க முடியுதுன்னு கண்டுபிடிச்சாங்க. பக்கத்துல இருக்குறவனை வாய்விட்டுப் படிக்க வெச்சு இவனைக் கேக்க வெச்சாங்க. மத்தியானம் நூலக அறையைத் திறந்து விட்டு, பெஞ்சுல தலை சாய்ச்சுக்கச் சொன்னாங்க. நோட்ஸ் எழுத விடலை, ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாங்க. வழிபாட்டுக் கூட்டத்துக்கு வர வேண்டாம்னாங்க. மத்த ஆசிரியர்கள்கிட்ட ஒவ்வொருத்தரா போய்ச் சொன்னாங்க. கொலராடோக்காரம்மா எழுதி வெச்ச நாலு வேலையும் இதுக்குள்ள இருக்கு.

பிப்ரவரி நடுவுல முழு நாள் போக ஆரம்பிச்சான். மார்ச்ல பொதுத்தேர்வு எழுதினான். கணக்குல எதிர்பார்த்ததை விட முப்பது மார்க் குறைஞ்சுது. நினைச்ச கல்லூரி கிடைக்கலை. இப்ப வேற ஒரு கல்லூரியில நல்லாத்தான் படிக்கிறான். கேட்டா "அந்த முப்பது மார்க் வேகத்தடையில கிடக்குது மாமா"ங்கறான்.

*

ஒரு பிள்ளைக்காக வகுப்பறை கொஞ்சம் வளையறது எங்க ஊருக்குப் புதுசு இல்லை. 1900-களின் தொடக்கத்துல, பெண்ணைக் கல்லூரியில சேர்க்கக் கூடாதுன்னு எதிர்ப்பு கிளம்பினப்போ, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கச் சொன்னதாலதான் முத்துலட்சுமி மன்னர் கல்லூரியில படிச்சாங்க. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டராகி வெளிய வந்தாங்க. 1991-லேருந்து அறிவொளி இயக்கத்துல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, லட்சம் பெண்களுக்கு மேல சைக்கிள் கத்துக்கிட்ட மாவட்டம் இது. அதுல விழாம கத்துக்கிட்டவங்க யாரும் இருக்க மாட்டாங்க. தமிழ்நாட்டுலயே அதிக வாடிவாசல் இருக்குற மாவட்டமும் இதுதான். 2019 ஜனவரி 20-ல் விராலிமலையில ஒரே நாள்ல 1,354 காளைகளை அவிழ்த்து விட்டு உலக சாதனைன்னு போட்டாங்க. கபடி இல்லாத கிராமமும் கிடையாது. தலையில அடி வாங்க வாய்ப்பு கொட்டிக் கிடக்குற ஊர்ல, அடி வாங்கின பிள்ளை வகுப்புக்கு எப்படித் திரும்பணும்னு ஒரு காகிதம் கூட இல்லை.

அடிபட்ட அந்த நாளுக்கான ஏற்பாடு பரவாயில்லை. 2008 செப்டம்பர்ல 108 வந்துச்சு. 2017-ல் புதுக்கோட்டைக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு, அதுக்கு முன்னாடி தலைக்காயம்னாலே தஞ்சாவூர், திருச்சிதான். 2021 டிசம்பர் 18-ல் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம். சாலை விபத்துல சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், ஆரம்பத்துல ஒரு லட்ச ரூபாய் வரைக்கும். உண்மையிலேயே நல்ல திட்டம். பிள்ளையோட படிப்பு விஷயத்துல வேலை ஆரம்பிக்கிறதே அந்த 48 மணி நேரம் முடிஞ்ச பிறகுதான், அதைத்தான் யாரும் எடுத்துக்கலை. பொதுத்தேர்வுலயும் அப்படித்தான். கை ஒடிஞ்ச பிள்ளை, சொல்வதை எழுதுபவரை வெச்சுப் பரீட்சை எழுதின செய்தி வருஷாவருஷம் பேப்பர்ல வருது, போட்டோவோட. மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரியுது. இவன் தலையில கட்டு எதுவும் இல்லையே!

என்னைக் கேட்டா பெரிய சட்டமெல்லாம் அப்புறம் வரட்டும். ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுறப்போ, அந்தத் திருச்சி டாக்டர் எழுதின மாதிரி ஸ்கூலுக்குன்னு நாலு வரி சேர்த்து எழுதலாம். வீட்ல இருக்குறவங்க அதைக் கேட்டு வாங்கலாம். கேட்டா எழுதித் தர்றாங்க. வாங்கிட்டு வந்து வகுப்பாசிரியர் கையில கொடுங்க, ஆபீஸ்ல கொடுத்தா ஃபைல்ல போயிடும். டாக்டர்கிட்டயாவது எப்படி விழுந்தான்னு உள்ளதைச் சொல்லுங்க. அப்புறம், அடிபட்ட ரெண்டு நாளைக்குள்ள தலைவலி ஏறிக்கிட்டே போனா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, எழுப்பினா எழுந்திரிக்காத தூக்கமா இருந்தா, பேச்சு குழறினா, வலிப்பு வந்தா, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தா, காதுலயோ மூக்குலயோ தண்ணி மாதிரி வடிஞ்சா, ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு முன்னாடி சொல்லியிருந்தாலும் மறுபடி ஓடுங்க.

வர்மத்துல தலை அடிக்குச் சொல்ற பத்தியமும் நாள் கணக்கும் பத்தி எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஆசான்கிட்ட பேசி வெச்சிருக்கேன். அது நீளம், தனியா எழுதணும். அடுத்த வாரம் முடிஞ்சா போடுறேன்.